ஞானேஸ்வரன் எந்தப் பக்கம்?

"காட்டிக்குடுத்தான்னு சொல்லாத வசந்தாமணி. என் வீட்டு அடுப்படியில உக்காந்து, என் காப்பியக் குடிச்சுக்கிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லாத."

"நான் மட்டுமா சொல்றேன் ஆன்ட்டி? மில்பரோ முழுக்க இதே பேச்சுதான். ஒன்பது ஓட்டுல நம்ம ஜனார்த்தனன் தோத்துட்டார். செல்லாதுன்னு கழிச்ச தபால் ஓட்டுக் கவர் இருபத்திமூணு. அத்தனையும் நம்ம ஆளுங்க வீட்டுக் கவர். எலெக்‌ஷன் ஆபீசருங்களோட ஒட்டி உக்காந்திருந்தது யாரு? உங்க பேஸ்மென்ட் அங்கிள்தானே?"

"அவரு உக்காந்தது சர்ச் ஹால்ல. கவரைப் பிரிச்சது கவுன்டி ஆபீஸ்ல, வேற ஆளுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருபது மைல் இருக்கு."

"போன் இல்லையா ஆன்ட்டி, அந்தக் காலமா இது?"

அதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை. வசந்தாமணி பக்கத்து வீட்டுக்காரி, நல்லவள், என் முழங்காலுக்குத் தைலம் வாங்கித் தருகிறவள். ஆனால் கேட்டதை அப்படியே நம்பிவிடுவாள். இந்தக் கதையில் நடந்தது எல்லாம் என் கண்முன்னே, என் வீட்டுக்குள்ளே நடந்தது. அதனால் நான் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஞானேஸ்வரன் இந்த அமெரிக்காவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற அறையில், நாலு வருஷம் குடியிருந்தார். வவுனியாப் பக்கத்துக்காரர். அறுபது தாண்டியவர். விசா வருவதற்கு முன்னாலேயே மனைவி இறந்துபோனார். கௌசிகா என்று ஒரே மகள், கல்யாணமாகி டொரன்டோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அவரிடம் பேச ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் கூட வேலை செய்கிறவர்கள் உண்டு, பிறகு நாங்கள் உண்டு. அவ்வளவுதான்.

என் மகன் ஜெர்ரிதான் அவரைக் குடிவைத்தான். முதல் மாதமே அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. மருமகள் ஜெபினா மூன்று நாள் கஞ்சி வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு மனிதர் மாதிரி. ஞாயிறு மதியம் எங்களோடுதான் சாப்பாடு. கிறிஸ்மஸுக்கு மேலே வந்து கேக் சாப்பிடுவார். கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் ஜெர்ரி ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

குடியுரிமை கிடைத்த வாரம் வேறு யாராவது என்ன செய்வார்கள்? விருந்து வைப்பார்கள், புதுப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பார்கள். இவர் ஊராட்சி ஆபீசுக்குப் போய், தேர்தல் அன்று மேசையில் உட்கார்ந்து பெயர் பார்க்கிற வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வருஷத்தில் இரண்டு மூன்று நாள் வேலை. விடியுமுன்னே போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அந்த நாட்களுக்கென்று சாம்பல் நிறக் கோட்டு ஒன்று வைத்திருந்தார்.

அந்த மேசையில் சிவப்பு, நீலம் என்கிற இரண்டு கட்சிக்கும் சரிபாதி நாற்காலி. சிவப்புக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. அதனால் எந்தக் கட்சியிலும் பெயர் கொடுக்காத இவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேச்சு அங்கே தொடங்கியது. 'அங்கிள் சிவப்பு' என்றார்கள். அடுத்த தடவை நீல நாற்காலி காலியாக இருந்ததாம், அதில் உட்கார்ந்தார். 'பச்சோந்தி' என்றார்கள்.

மில்பரோ எப்படிப்பட்ட ஊர் என்றால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழைய வீடுகள், புல்வெளியில் சிவப்புப் பலகை. இந்தப் பக்கம் எங்களைப்போல வந்து குடியேறியவர்கள், நீலப் பலகை. நம் ஆட்களிலும் சிவப்பு உண்டு. தமிழ்ச் சங்கத்து விருந்தில் சாம்பார் வாளியைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். இவ்வளவு சத்தம் போடுகிறவர்கள் தேர்தல் அன்று போவார்களா என்றால், மாட்டார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு ஓட்டு இருக்கிற ஊரில், ஊராட்சித் தேர்தல் என்றால் மூவாயிரம் பேர் வந்தாலே பெரிது.

ஜெர்ரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டான். "அங்கிள், இன்னைக்கு சொல்லித்தான் ஆகணும். நீங்க எந்தப் பக்கம்?"

"நான் கீழ்ப்பக்கம் தம்பி. பேஸ்மென்ட்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு பாத்திரம் எடுத்து வைக்கும்போது நான் தனியாகக் கேட்டேன். "எங்கிட்ட சொன்னா என்ன தம்பி? எனக்குத்தான் இங்க ஓட்டே கிடையாதே."

"அம்மா, அதை மட்டும் கேளாதேங்கோ. எங்கட இடத்தில ஆர் ஆருக்குப் போட்டவை எண்டு தெரிஞ்சு கனபேர் இல்லாமப் போனவை."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவர் ஊரில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோதும் அவருக்குத் தேர்தல் வேலை போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை யாரும் ஓட்டுப் போடப் போகக் கூடாது என்று இயக்கத்துக்காரர்களின் கட்டளை. "பள்ளிக்கூடத்தில பெட்டியை வைச்சுக்கொண்டு விடியத் துவங்கிப் பின்னேரம் மட்டும் இருந்தம். மூண்டு பேர் வந்தவை. அதில ஒராள் தண்ணி குடிக்க வந்தவர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி ஜனார்த்தனன் விஷயம். போன வருஷம் அவர் ஊராட்சி மன்றத்துக்கு நின்றார். நீலப் பக்கம். நம்மில் ஒருவர் நிற்பது இதுதான் முதல் தடவை. எங்கள் வீடுதான் அவருக்குத் தலைமையகம். கூடத்தில் அட்டைப் பலகை, சாப்பாட்டு மேசையில் பெயர்ப் பட்டியல், எந்நேரமும் சமோசா. ஜெர்ரிக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஆட்கள் நேரில் போக மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வீட்டு வீட்டுக்குப் பேசி, தபால் ஓட்டுக்கு எழுதிப் போடவைத்தான். அது கெட்டிக்காரத்தனம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து இருபத்தொரு குடும்பம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வந்தது. எல்லோரும் அவரவர் வீட்டுக்கு வந்த கவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டுச் சீட்டில் ஜனார்த்தனன் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினார்கள். பெண்கள் அடுப்படியில் பூரி போட்டுக்கொண்டிருந்தோம்.

ஜெர்ரி கூப்பிட்டான். "ஜெபினா, வா, சைன் பண்ணிட்டுப் போ."

"ஏங்க, நீங்களே போட்டுருங்க. கையெல்லாம் மாவு."

அவன் போட்டான். ஜெபினா பெயரை அவன் எழுதுவது புதிதா? பள்ளிக்கூடத்துத் தாள், டாக்டர் வீட்டுத் தாள், எல்லாம் அவன்தான். அவன் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் மனைவிக்குப் போட்டார்கள். ஒருவர் ஊருக்குப் போயிருந்த மாமியாருக்கும் சேர்த்துப் போட்டார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நம் வீடுகளில் அது வழக்கம். எனக்கும் அந்த நேரம் தப்பாகப் படவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அப்போதுதான் ஞானேஸ்வரன் குழம்புப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மேலே வந்தார். மேசையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"தம்பி, அவையவை தங்கட கையாலதான் கையெழுத்து வைக்க வேணும். முந்தினதோட ஒத்துப்பாப்பினம்."

"அங்கிள், டாக்ஸ் பேப்பர்லயே நான்தான் சைன் பண்றேன். இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல."

"அது வேறை தம்பி. இது அந்தப் பிள்ளையின்ர வோட்டு."

"ஆபீசர் வந்துட்டார், எல்லாரும் எந்திரிங்கப்பா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். மேசை முழுக்கச் சிரிப்பு. ஞானேஸ்வரனும் சிரித்தமாதிரி வாயை வைத்துக்கொண்டார். சாப்பிடச் சொன்னேன், பசியில்லை என்று இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கைநாட்டுக்காரி. எங்கள் ஊர்ப் பாங்கில் என் விரலைப் பிடித்து மையில் அழுத்துவார்கள். அவமானமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று தோன்றியது. என் விரலை யாராவது பிடித்து அழுத்தலாம், என் விரல் இல்லாமல் எனக்காக ஒருத்தரும் அழுத்த முடியாது. படித்த ஜெபினாவுக்கு அது இல்லை. தோன்றியதை நான் சொல்லவில்லை. பூரி தீய்ந்துவிடும் என்று திரும்பிவிட்டேன்.

தேர்தல் அன்று மதியம் ஜெபினா என்னை சர்ச் ஹால் வாசலில் இறக்கிவிட்டாள். புளிச்சாதமும் உருளைக்கிழங்கும் எடுத்துப் போயிருந்தேன். பெரிய ஹால். மேசைக்குப் பின்னால் நாலு பேர், மூலையில் பெட்டி மாதிரி இரண்டு இயந்திரம். நான் நின்ற நேரம் முழுவதும் வந்தது ஒரே ஒரு ஆள், சக்கரம் வைத்த கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். ஞானேஸ்வரன் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எழுந்து நின்று வரவேற்றார்.

உள்ளே யாரும் சும்மா நிற்கக் கூடாதாம். வெளியே அவர் காருக்குள் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் சாப்பிட்டார்.

"எத்தனை பேர் தம்பி வந்தாங்க?"

"நூற்றிப் பதினொண்டு அம்மா. காலமை ஆறு மணியில இருந்து."

"நம்ம ஆளுங்க?"

புளிச்சாதம் நன்றாக இருக்கிறது என்றார்.

தேர்தலுக்கு முன்னாலேயே கவுன்டி ஆபீஸிலிருந்து ஜெபினா பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, நீங்கள்தான் போட்டீர்களா என்று எழுதிச் சரிபண்ணுங்கள் என்று. அவள் அதைக் கூப்பன் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். போனிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை. இருபத்திமூன்று கவருக்கும் இதே கதைதான். எல்லாம் எண்ணி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒன்பது ஓட்டு. நாங்கள் ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தோற்றவர்களுக்கு ஒரு ஆள் வேண்டுமே. பேஸ்மென்டில் ஒரு ஆள் இருந்தார்.

டிசம்பர் முதல் வாரம் ஜனார்த்தனன் வந்தார், கையில் ஒரு தாள். ஜெர்ரி ஞானேஸ்வரனை மேலே கூப்பிட்டான். நான் சோபா ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனார்த்தனன் மரியாதையாகத்தான் தொடங்கினார். "அங்கிள், லாயர் ஒரு வழி சொல்றார். கவர் கழிஞ்ச லேடீஸ் அன்னைக்கு நேர்லயும் வந்தாங்க, ஹால்ல இருந்தவங்க திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னா, கோர்ட் மறு தேர்தலுக்கு விடலாம். உள்ள இருந்தவர் நீங்க. நீங்க சொன்னா வெயிட்டு."

"அப்பிடி ஒருத்தரும் வரேல்லையே தம்பி."

"வந்தாங்கன்னு வெச்சுக்கோங்க."

"எப்பிடி வைக்கிறது?"

ஜெர்ரி இடையில் வந்தான். "அங்கிள், ஒரே ஒரு கையெழுத்து. நாலு வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். எங்களுக்காக இதுகூட முடியாதா?"

"ஏலாது தம்பி. வேறை என்னெண்டாலும் கேளுங்கோ."

"வேற என்ன இருக்கு உங்ககிட்ட கேக்குறதுக்கு?"

அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"ஏலே ஜெர்ரி, அவரை ஏம்ல அரிக்க? மாவுக் கையோட அவ அடுப்படியில நின்னா, நீ உக்காந்து அவ பேரை எழுதுன. நான் பாத்தேன். இந்த மேசையில இருந்த எல்லாவனும் எழுதுனீங்க. கவர் கழிஞ்சது அதனால."

ஜனார்த்தனன் என்னைப் பார்க்கவில்லை. ஞானேஸ்வரனைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்குடுத்தது?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அவர் தலையில் ஏறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குச் சொந்தப் புத்தி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பொய்யாக்கியது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கத்தினேன், "எனக்குக் கண்ணு இல்லையாலே?" என்று. யார் கேட்டார்கள்? அவருக்காகப் பேசப் போய் நான்தான் அவரை மாட்டிவிட்டேன். இதை வசந்தாமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்றே சங்கத்து வாட்ஸப் குழுவிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுச் சாப்பாடு நின்றது. ஜெபினா அவருக்கென்று எடுத்துவைத்த பாத்திரத்தை மறுபடி சட்டியில் கொட்டுவதைப் பார்த்தேன். கேட்டால், "ஜெர்ரி திட்டுவார் அத்தை" என்றாள். பேஸ்மென்ட் படிக்குப் போகிற கதவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள். அவருக்குப் பின்பக்கத்து வாசல் போதும் என்றான் ஜெர்ரி.

கிறிஸ்மஸுக்கு கேரல் குழு வந்தது. முப்பது பேர், கித்தார், டிரம்ஸ். கூடத்தில் நின்று நாலு பாட்டுப் பாடினார்கள். வருஷா வருஷம் கடைசிப் பாட்டை பேஸ்மென்ட் படியில் நின்று பாடுவார்கள், அவருக்காக. அந்த வருஷம் பாடவில்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். அவருடைய ஜன்னல் வெளிச்சம் பனியில் மஞ்சளாக விழுந்துகிடந்தது. பாட்டுத் தொடங்கியதும் அந்த வெளிச்சம் அணைந்தது. ஆள் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அணைத்திருப்பார்.

ஒரு நாள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது தாழ்ப்பாளைத் திறந்து, பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பன்னிரண்டு படி. கையில் இடியாப்பம்.

"ஏனம்மா இந்தக் காலோட வந்தனீங்கள்? உங்களுக்குத்தான் வீட்டில வில்லங்கம்."

"எனக்கென்ன வில்லங்கம்? நான் பெத்தவன்தானே. நீ ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கல?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாயைத் திறந்தா முழுக்கச் சொல்லவேணும் அம்மா. முழுக்கச் சொன்னா தம்பி ஜெர்ரி கோர்ட்டுக்குப் போகவேணும். அடுத்தவையின்ர வோட்டில கையெழுத்து வைக்கிறது இங்க சின்ன விசயமில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் மேசையில் உட்காருமுன் சத்தியம் செய்கிறவர். கண்ணால் கண்டதைச் சொல்லியிருந்தால் அத்தனை வீட்டு வாசலிலும் விசாரணை வந்து நின்றிருக்கும். இன்றுவரை ஒரு வீட்டுக்கும் வரவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்றால் எதைக் காட்டினான், யாரிடம் கொடுத்தான்? வசந்தாமணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜனவரி கடைசியில் ஜெர்ரி அவருக்கு மெசேஜ் அனுப்பினான், வாயால் சொல்லவில்லை. பேஸ்மென்டை சினிமா பார்க்கிற அறையாக மாற்றப் போகிறோம், பிப்ரவரிக்குள் காலி பண்ணுங்கள் என்று. அவர் 'சரி தம்பி' என்று பதில் போட்டாராம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ராத்திரி பெய்த பனி முழங்கால் உயரம். பின்பக்கம் வழியெல்லாம் மூடிக்கிடந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு படிக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை எடுத்தேன். இரண்டு பெட்டி, ஒரு சாமிப்படம் துணியில் சுற்றி. சாதாரண ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார்.

"முன்வாசலால போகலாமோ அம்மா? பின்னுக்கு ஏலாமக் கிடக்கு."

"இன்னைக்கே போணுமா தம்பி, இந்தப் பனியிலயா?"

"இண்டைக்கு வோட்டு இருக்கம்மா. ஊர்க் காசில தீயணைக்கிற ட்ரக் வாங்கிறது சரியோ பிழையோ எண்டு. அதைப் போட்டிட்டு அப்பிடியே மகளிட்டப் போறன்."

"அப்போ மேசையில உக்காரணுமே நீ?"

"இல்லையம்மா. இனி வரேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"ஏன்? யாரும் போகச் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சத்தியம் பண்ணிப்போட்டு அதில இருக்கிறது. கண்டதை விழுங்கிப்போட்டுத் திரும்பப் போய் எந்த முகத்தோட இருக்கிறது?"

"எங்களுக்காகத்தானே முழுங்குன."

"அந்தப் பிள்ளை எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தது" என்றார்.

மேல்மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். "ஜெர்ரி, ஞானம் கிளம்புது. வந்து பெட்டியத் தூக்குலே." மாடியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கொஞ்சம் கூடியது. ஜெபினா படி பாதிவரைக்கும் வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பி ஏறிவிட்டாள்.

"விடுங்கோ அம்மா."

"ஓட்டுப்பெட்டி எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"

"ரெண்டுக்கு."

"இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"காருக்குள்ள இருப்பன்" என்று சொல்லி, முதலில் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். பிறகு படத்தைத் தூக்கிக்கொண்டு, வாசற்படியில் பனி வழுக்கும் என்று சுவரைப் பிடித்தபடி, அவரும் இறங்கினார்.